கூப்பிடாமல் போகிற வீடு

செப்டம்பர் 9, திங்கள்

இந்த நோட்டைப் பேத்தி நிலவழகி பாரீசில் வைத்துக் கொடுத்தாள். "பாத்ததெல்லாம் எழுதுங்க ஆயா. காரைக்கால் போய்ச் சேர்றதுக்குள்ள மறந்துடுவீங்க" என்றாள். எனக்கா மறதி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அந்த ஐந்தாம் வகுப்பில் என் சிலேட்டுக் குச்சியை எடுத்தவள் யார் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். ராஜேசுவரி. அவள் செத்தும் போய்விட்டாள். நான் எழுதப் போவது மறதிக்காக இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பின்னால் மாற்றிப் பேசுவார்கள். அதற்காக.

காலையில் புறப்பட்டு மத்தியானம் கழித்து வந்து சேர்ந்தோம். மகள் செண்பகம்தான் கார் ஓட்டினாள். "மாடும் புல்லும் பாக்கலாம்மா, காத்து நல்லா இருக்கும், ஒரு பத்து நாள் இருந்துட்டு வரலாம்" என்று சொல்லித்தான் கூட்டி வந்தாள். கருங்கல் வீடு. லாட்ஜும் இல்லை, சொந்தக்காரர் வீடும் இல்லை. வீட்டுக்காரி கீழே இருந்துகொண்டு மாடி அறைகளை வழிப்போக்கர்களுக்கு விடுகிறாள். படுக்கை உண்டு, காலைப் பலகாரம் உண்டு. மற்ற வேளை நம் பாடு.

காரை விட்டு இறங்கியதும் மாதா கோயில் கோபுரம் கண்ணில் பட்டது. ஈரத்துணியைப் பிழிந்து நிறுத்தி வைத்த மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிற கோபுரம்.

"செண்பகம்."

"என்னம்மா."

"இது வைத்தி ஊரு."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

எண்பத்திரண்டில் ஒரு போட்டோ அனுப்பினான். நீல ஸ்வெட்டர். பக்கத்தில் அவன் பெண்டாட்டி ழான், அவள் தலைக்கு மேல் இதே முறுக்குக் கோபுரம். அந்தப் போட்டோவை நான் கிழித்துப் போட்டும் வெகுகாலம் ஆகிறது. கிழித்தால் மறந்துவிடுமா.

வைத்திலிங்கம் என் கூடப் பிறந்த ஒரே தம்பி. பதினெட்டு வயசில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவன், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். பதினோரு வருஷமாக நான் அவனோடு பேசுவதில்லை. பிரான்சுக்கு விமானம் ஏறும்போதே மகளிடம் சொல்லிவிட்டேன், அவன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று. அதனால்தான் இந்த வாடகை அறை. தம்பி வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கொண்டுவந்து என்னை இறக்கியிருக்கிறாள்.

"மாமாவுக்கு நுரையீரல்ல கட்டிம்மா. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. ஒன்னப் பாக்கணும்னு சொல்றாரு."

"அவன் சொல்றானா, நீயாச் சொல்றியா?"

"அவருதாம்மா."

"அப்ப வந்து கூப்பிடச் சொல்லு. வரேன்."

"நடந்தா மூச்சு வாங்குது."

"பேச வருதுல்ல."

கீழே வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

எட்டு மணிக்குத்தான் சமையல்கட்டைத் திறக்கிறாள். விடியும் முன்பே எழுந்து, பல் விளக்கி, தலை வாரி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். நீண்ட மேசை. நடுவில் வெண்ணெய், அவளே காய்ச்சிய பிளம்ஸ் ஜாம். காபியைக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறாள், நாம் கூழ் குடிக்கிற அளவுக் கிண்ணம். ரொட்டிக்குத் தட்டு கிடையாது. மேசை விரிப்பின் மேலேயே வைக்கிறார்கள். சைக்கிளில் ஊர் சுற்றும் ஒரு ஆலந்து நாட்டுப் புருசன் பெண்டாட்டியும் அங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்கள் கடித்த ரொட்டியைக் காபியில் முக்கி, அதே கையால் ஜாம் கரண்டியை எடுக்கிறார்கள். எச்சில் என்று ஒன்று இந்தத் தேசத்தில் இல்லை. நான் வெறும் காபி குடித்தேன்.

வீட்டுக்காரி பெயர் ஒதில். என்னைப் போல அவளும் புருசனை இழந்தவள். வாட்டசாட்டமான உடம்பு, சிரிப்பதே இல்லை. தோட்டத்துக்குக் கிழக்கே ஆள் உயரத்துக்கு மேல் வேலிச்செடி. அந்தப் பக்கம் யார் வீடு என்று செண்பகத்தை விட்டுக் கேட்டேன். அவள் அண்ணன் வீடாம். அப்பா வைத்துவிட்டுப் போன வயல் விஷயமாகச் சண்டை. பேசுவதில்லை. அவன் முகம் தெரியக்கூடாது என்றுதான் செடியை வெட்டாமல் விட்டிருக்கிறாளாம். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

செண்பகம் என்னைக் கேட்டாள். "அப்பிடி என்னதாம்மா பண்ணிட்டாரு மாமா?"

தெரியாதவள் மாதிரிக் கேட்கிறாள். சரி, எழுதியே வைக்கிறேன்.

இவள் அப்பா செத்தபோது பதினாறாம் நாள் எனக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். தாலி இறங்கியவள் மேல் கூடப் பிறந்தவன் ஒரு புதுச் சீலையைப் போர்த்துவான். புருசன் போனாலும் உனக்குப் பின்னால் நாங்கள் இருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்லுகிற சீலை அது. வைத்தி வருகிறேன் என்று போனில் சொன்னான். நடுக்கூடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் அவசரப்படுத்தினார். கடைசியில் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் ஓடிப்போய்க் கடைத்தெருவில் ஒரு நைலான் சீலை வாங்கி வந்து போட்டான். பச்சைக் கரை. போர்த்தினால் தோளில் நிற்கவில்லை, நழுவி நழுவி விழுந்தது. என் நாத்தனார் கமலவேணி பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "பிரான்சு பட்டு வரும்னு பாத்தோம்."

அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. சோகமாகச் சொன்னாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நல்ல காரியம் என்றால் வீடு தேடி வந்து அழைக்க வேண்டும். சாவு என்றால் அழைப்பு கிடையாது, காதில் விழுந்தால் கிளம்பிவிட வேண்டும். அவன் காதில் விழுந்தது. அவன் கிளம்பவில்லை. இப்போது என்னை அழைக்கவும் மாட்டானாம், நான் மட்டும் போய் நிற்க வேண்டுமாம்.

செப்டம்பர் 11, புதன்

மழை. ஜன்னலில் பார்த்தால் தெரிகிற மூன்றாவது கூரை மாமா வீடு என்று செண்பகம் காட்டினாள். நான் கேட்கவில்லை. புகை வருகிறது.

செப்டம்பர் 12, வியாழன்

வைத்தி மகள் செசில் வந்தாள். தாய் போன பிறகு தனியாக இருக்கிற அப்பனைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டு வந்து இங்கே இருக்கிறாள். வெள்ளைக்காரி நிறம், என் அம்மாவின் மூக்கு. கையில் ஒரு தட்டு. ஆப்பிள், சர்க்கரைக் கட்டி, நடுவில் அடுக்கிய பச்சை இலைகள். வெற்றிலை இல்லை. திராட்சைக் கொடி இலை.

"அத்த, அப்பா சொல்லிச்சு, இலை வெச்சுக் கூப்புடணும்னு. இங்க அந்த இலை கெடையாது. அதான் இது." தமிழ் அவள் வாயில் கல்லில் தடுக்கித் தடுக்கி வருகிறது. ஆனால் எங்கள் தெருத் தமிழ். அவன் சொல்லிக்கொடுத்தது.

"யாரு அடுக்குனது?"

"அப்பாதான். காம்ப எல்லாம் ஒரே பக்கமா வெக்கணும்னு என்னத் திட்டிச்சு."

காம்பு எல்லாம் ஒரே பக்கம்தான் இருந்தது.

"கூப்பிட வேண்டியது ஒங்கப்பன், நீ இல்ல. நீ சின்னப் பொண்ணு. ஒம் மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்கு நாப்பத்தி நாலு வயசு அத்த."

"எனக்கு நீ சின்னப் பொண்ணுதான். எடுத்துட்டுப் போ."

தட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். வாசல்வரை போனவள் திரும்பி, "அப்பா மாதிரியே இருக்கீங்க" என்றாள். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தாய்க்கு ஒரு அவமானம் என்றால் மகள்களுக்கு எங்கிருந்துதான் சிரிப்பு வருகிறதோ.

ஆப்பிளைச் செண்பகம் தின்றாள். இலையை ஒதில் வாங்கிக் கோழிகளுக்குப் போட்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

சீலையைத் துவைத்து ஜன்னலில் காயப்போட்டேன். தெருப்பக்கம் தெரிகிறது, பின்பக்கக் கொடியில் போடச் சொல்லு என்று ஒதில் சொன்னாளாம். போட்டேன். அவள் வீடு, அவள் சட்டம். அவளே கிளிப்பு எடுத்துக் கொடுத்தாள்.

பதினொரு மணிவாக்கில் வெளியே ஆரன் சத்தம். செசிலின் கார். முன்சீட்டில் ஒரு தொப்பி உட்கார்ந்திருந்தது. தொப்பிக்குக் கீழே அவன்.

செண்பகம் இறங்கி ஓடினாள். கார்க்கண்ணாடி பாதி இறங்கியது. ஏதோ பேசிவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தாள்.

"மாமா வந்திருக்காரும்மா. கீழ வா."

"உள்ள வரச் சொல்லு."

"அவரால படி ஏற முடியாது."

"படி எதுக்கு? சமையல்கட்டு கீழதான இருக்கு. அங்க வந்து ஒக்காந்து கூப்பிடச் சொல்லு."

மறுபடி கீழே போனாள். மறுபடி வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. "உள்ள வந்தா, தப்பு எம் மேலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அவ வெளிய வரட்டும், நான் கண்ணாடிய இன்னுங் கொஞ்சம் எறக்குறேன்னு சொல்றாரு."

"எறக்கச் சொல்லு. குளிர்காத்து போவட்டும்."

"நீங்க ரெண்டு பேரும் மனுசங்கதானா?"

நான் ஜன்னலோரம் நின்று வால்நட் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மரம். அதன் கீழேதான் கார் நின்றது. ஆள் மெலிந்துவிட்டான். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கை போகும் போல. மூக்கில் ட்யூப். கன்னத்து மச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. வலது கையால் காரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான், சின்ன வயசில் சோறு வரத் தாமதமானால் தட்டைத் தட்டுவானே, அந்தத் தட்டு. ஒருமுறை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கார் போய்விட்டது.

கால் வலிக்கிறது. நின்றுகொண்டே இருந்ததால்.

செப்டம்பர் 14, சனி

தலைக்குக் குளித்தேன். ஆரன் சத்தம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனால் இதை எழுதாமல் விட்டால் நாளைக்கு அவன் வேறு மாதிரிச் சொல்லுவான்.

காலை மேசையில் உட்கார்ந்திருந்தோம். இன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த ரொட்டியை வாயில் வைத்தேன். செண்பகத்தின் போன் அடித்தது. எடுத்தாள். முகம் வெளிறிப்போனது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "அம்மா, மாமா போயிட்டாரு. செசில் அழுவுது."

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் நானாகச் செய்ததில்லை. வாயில் இருந்ததைத் துப்பினேன். கொண்டையை அவிழ்த்துவிட்டேன். செருப்பு போட்டேனா என்பதுகூடத் தெரியாது. போட்டிருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆலந்துக்காரி பயந்துபோய் எழுந்துவிட்டாள். ஒதில் மாவுக் கையோடு வந்து, ஒன்றும் கேட்காமல், சமையலுக்குக் கட்டுகிற முன்கட்டுத் துணியைக்கூட அவிழ்க்காமல் காரை எடுத்தாள். சாவுக்கு யார் கூப்பிட வேண்டும்.

தெருமுனையிலேயே இறங்கிவிட்டேன். அங்கிருந்து அழுதுகொண்டே நடந்துதான் போக வேண்டும், அதுதான் முறை. கோயிலுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். மாரில் அடித்துக்கொண்டு போனேன். செசில் வாசலில் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். உள்ளே கட்டிலில் கழுத்துவரை வெள்ளைப் போர்வை, கண் மூடியிருக்கிறான். காலடியில் விழுந்தேன்.

கப்பலேறிப் போனவனே, எங் கூடப் பொறந்தவனே,
கரையில நின்னவள கண்ணால பாக்கலியே.
இடுப்புல சொமந்த பய, எஞ் சோத்துல பங்கு தின்ன பய,
எனக்கு முன்ன பாய் விரிச்சு எங்கடா படுத்துக்கிட்ட.
வாசலத் தொறந்துவச்சேன், வருவேன்னு காத்திருந்தேன்,
வந்தவுக போனவுக ஒம் பேரக் கேட்டாகளே.
சண்டைக்கும் நீ வேணுமே, சாபமுட நீ வேணுமே,
சாமி, நீ இல்லாத தெசையில சூரியன் எதுக்குடா.

இன்னும் நிறைய. என் அம்மாவுக்குப் பாடினதைவிட, புருசனுக்குப் பாடினதைவிட அதிகம். இத்தனை பாட்டு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

போர்வை குலுங்கியது.

முதலில் என் கண் என்று நினைத்தேன். பிறகு இருமல் வந்தது. இருமிக்கொண்டே சிரித்தான். ட்யூபைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மூக்கில் செருகிக்கொண்டான்.

"போதும் யக்கா. இன்னும் ரெண்டு அடி பாடுனீன்னா நெசமாவே போயிடுவேன்."

செசில் என் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். "நான் மாட்டேன்னு சொன்னேன் அத்த. அப்பாதான் போன் பண்ணச் சொல்லிச்சு." செண்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரியாது. அதை அவள் முகத்தில் பார்த்தேன்.

"ஏன்டா பாவி."

"கூப்பிட்டா வர மாட்ட. கூப்பிடாமலும் வர மாட்ட. செத்தாத்தான் வருவ. செத்தப்புறம் நீ வந்து எனக்கு என்னக்கா பிரயோசனம்?"

உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன். "ஏன்டா வரல அன்னிக்கு?"

அவன் சிரிப்பு நின்றது. கூரையைப் பார்த்தான். "டிக்கெட் எடுத்தேன். சீலையும் எடுத்தேன். ஏர்போர்ட்டு வரைக்கும் போனேன். பொட்டில்லாத நெத்தியோட நீ ஒக்காந்திருப்பன்னு நெனச்சேன். திரும்பிட்டேன்."

"துப்பாக்கி புடிச்சவன். அக்கா நெத்தியப் பாக்கப் பயமா?"

"ஆமா. பயந்தான்."

"அந்த நெத்தியத் தினம் கண்ணாடில நான் பாக்கலியா?"

நான் எழுந்தேன். பாடின வாயாலேயே திட்டினேன். எங்கள் தெருவில் என்னென்ன வசவு உண்டோ எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், சங்கீதம் கேட்கிறவன் மாதிரி. "இதக் கேட்டு எத்தினி வருசம் ஆச்சு. சொல்லுக்கா, இன்னுஞ் சொல்லு" என்றான்.

அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒதில் என் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினாள்.

செப்டம்பர் 16, திங்கள்

அறையை விட்டு நான் இறங்கவில்லை. ஒதில் கிண்ணத்தை மேலேயே கொண்டுவந்து வைத்தாள். ஏதோ சொன்னாள். செண்பகம் அதைத் தமிழில் சொல்ல யோசித்தாள். "சொல்லுடி."

"ஒங்க எடத்துல நான் இருந்தா அவரு வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க."

நியாயம் தெரிந்தவள்.

நான் போனதில் எனக்கு வெட்கம் இல்லை. சாவென்று சொன்னால் போகத்தான் வேண்டும். அவன் கேட்டுக்கொண்டு படுத்திருந்தானே, அதுதான். செத்தவனுக்குச் சொல்லுகிற சொல்லை உயிரோடு இருப்பவன் திருடிவிட்டான். நீ இல்லாத திசையில் சூரியன் எதற்கு என்று பாடினேன். ஒப்பாரி என்றால் எல்லாரும் அப்படித்தான் பாடுவார்கள். அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

போன் செய்தான். எடுக்கவில்லை. சாயங்காலமும் செய்தான். செண்பகம் என் காதில் வைத்தாள். அவன் மூச்சு கேட்டது, கரகரவென்று. நானும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கத்தியதில். பெட்டியில் மிளகும் திப்பிலியும் வைத்திருந்தேன். ஒதிலிடம் அடுப்பைக் கேட்டு ரசம் வைத்தேன். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். நாக்கில் ஒரு துளி விட்டுக்கொண்டு மூக்கைத் துடைத்தாள். புளிக்குப் பதில் எலுமிச்சம்பழம். நினைத்ததைவிடக் கூடுதலாகிவிட்டது. பெரிய பாத்திரம், அளவு தெரியவில்லை.

"மிச்சத்தக் கொட்டாத" என்றேன்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். "மாமா வீட்டுக்குக் கொண்டு போவட்டுமா?"

"கொட்டாதேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

ஒதில் ஜாம் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். செண்பகம் போய்விட்டுத் திரும்பியபோது பாட்டில் காலி.

"என்ன சொன்னான்?"

"உப்பு கம்மின்னாரு."

"நான் எனக்குத்தான வச்சேன். எனக்கு ரத்தக் கொதிப்பு."

"ரெண்டு தம்ளர் குடிச்சாரும்மா. நாலு நாளா எதுவும் எறங்கலியாம், செசில் சொல்லுச்சு."

உப்பு சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

நாளைக்குப் பாரீசுக்குக் கிளம்புகிறோம். பெட்டி கட்டியாயிற்று. போகிற வழியில்தான் அவன் வீடு. வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்துவேன் என்கிறாள் செண்பகம். நிறுத்தட்டும். நான் இறங்க மாட்டேன். வேண்டுமானால் கண்ணாடியை இறக்கிக்கொள்கிறேன். அவன் வாசல் வரைக்கும் வரட்டும்.

எந்தச் சீலை கட்டுவது என்று யோசித்தேன். ஊதா. அவனுக்காக இல்லை, அழுக்குத் தெரியாது.

செப்டம்பர் 20, வெள்ளி

காலை மேசையில் உட்காரும்போது செண்பகத்தின் போன் அடித்தது. எடுத்தாள். கேட்டாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா. மாமா."

நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். "என்ன, மறுபடியும் செத்துட்டானா?"

"அம்மா."

"போன தடவ ஞாயித்துக்கெழம. இந்தத் தடவ வெள்ளிக்கெழம. நாம கெளம்புறோம்னு தெரிஞ்சிருக்கு அவனுக்கு."

"நெசம்மா."

"அன்னிக்கும் இப்பிடித்தான சொன்ன."

அவள் அழுதாள். அன்றைக்குச் செசிலும்தான் அழுதாள். ரொட்டியை முழுசாகத் தின்றேன். முகம் கழுவினேன். ஊதாச் சீலை கட்டி, கொண்டை போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன். ஒதில் இன்றைக்கு முன்கட்டுத் துணியை அவிழ்த்துவிட்டுக் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள். இவளையும் சேர்த்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர். ஒரு சத்தம் இல்லை. உள்ளேயும் சத்தம் இல்லை. கோட்டும் டையும் மாட்டிக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். காலில் பூட்ஸ். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதில் ஒரு பச்சைக் குச்சி. ஒவ்வொருத்தராக வந்து குச்சியால் அவன் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். ஏற்பாடு பலமாகத்தான் இருந்தது.

நாற்காலி போட்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்தேன். குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னேன். "சரிடா, வந்துட்டேன். எந்திரி."

பேசாமல் கிடந்தான்.

"ஒங்கிட்ட யாரும் கூப்பிடச் சொல்லல. நானாத்தான் வந்தேன். இன்னிக்கு நான் திட்ட மாட்டேன். எந்திரி."

அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் போர்வை குலுங்கிய இடத்தை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டுத் தேடினேன். ட்யூப் இல்லை. அவன் கன்னத்தில் கை பட்டது.

இங்கே குளிர் தேசம். எல்லாம் சில்லென்றுதான் இருக்கும்.

"பூட்ஸக் கழட்டு" என்றேன் செண்பகத்திடம். அவள் செசிலைப் பார்த்தாள். நானே கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துக் கழற்றினேன். காலுறையையும் கழற்றினேன். இடது கால் கட்டைவிரல் நகம் சின்ன வயசில் மாட்டுவண்டிச் சக்கரத்தில் மாட்டியது, கோணலாகவே வளரும். கோணலாகத்தான் இருந்தது. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். துணி கேட்டேன். யாருக்கும் புரியவில்லை. என் முந்தானைக் கரையைக் கிழித்துக் கட்டினேன்.

செசில் என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "அத்த, அன்னிக்குப் பாடுனீங்களே, அது பாடுங்க. அப்பா அத நெனச்சு நெனச்சுச் சிரிச்சுது. நேத்துகூடச் சொல்லிச்சு, எங்கக்கா அடுத்த தடவ இத விட நல்லாப் பாடுவா, நாந்தான் கேக்க முடியாதுன்னு."

வாயைத் திறந்தேன். கப்பலேறிப் போனவனே என்று எடுக்க வேண்டும். சொல் தெரிகிறது. எனக்கு மறக்காது. ஒவ்வொரு அடியும் தெரிகிறது. ஆனால் அதை ஒருமுறை சொல்லியாகிவிட்டது. அவன் கேட்டு, சிரித்து, இருமி, எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதையே மறுபடி பாடினால் ஒப்பித்தது போல இருக்கும். வேறு ஒன்று கட்டிப் பாடலாம் என்று பார்த்தேன். எதுவும் எழும்பவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கண்ணிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. அவன் கால் பக்கம் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வந்த வெள்ளைக்காரப் பெண்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொண்டார்கள். ஒதில்கூடத் தலையை ஆட்டினாள்.

"என்னடி சொல்றாளுவ?" என்றேன்.

செண்பகம் மூக்கை உறிஞ்சினாள். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம எவ்வளவு கௌரவமா ஒக்காந்திருக்காங்க பாருன்னு ஒன்ன மெச்சுறாங்கம்மா."

மெச்சட்டும்.